பெட்டி எடுக்க வந்தவருக்குச் சோறு

"...சாப்பிடாம பெட்டியத் தூக்கிட்டுப் போன ஆளு இந்த ஆஸ்டல்ல கெடையாதுய்யா, இங்கன உக்காருங்க" என்றார் சமையற்காரர். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு. நான் ஃபேன் மாட்டப் போயிருந்தேன். கல்லூரி விடுதியை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு மாணவனுக்கும் கடைசிச் சோறு அவர் கையால்தான்; அங்கே அது தொன்றுதொட்ட வழக்கம்.

அன்று பெட்டி எடுக்க வந்தவர் ஒரு தகப்பன். லீவில் பாம்பனில் கடலுக்குப் போன மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

சமையற்காரர் பழக்கத்தில் சோற்றின் மேல் மீன்குழம்பை ஊற்றிவிட்டார்.

தகப்பன் தட்டையே பார்த்தார். "எம் மகன இன்னும் அந்தக் கடல்லதாண்ணே தேடிக்கிட்டு இருக்கோம்."

சமையற்காரர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விடுதிக்கே வைத்திருந்த குழம்பை அண்டாவோடு தூக்கிப் போய்க் கொல்லையில் கவிழ்த்தார்.