கற்பூரம் அணைத்து மீட்ட வீடு

அண்ணாச்சி என்று அந்த மனுஷரை வாய் நிறையக் கூப்பிட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் வாயைக் கழுவத் தோன்றுகிறது.

பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்திச்சி வேலை. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது, டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் எங்கள் ஓட்டு வீட்டை அடமானம் எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கினார். பிழைக்கவில்லை. அப்புறம் மூன்று வருஷம் கஞ்சியைக் குடித்துக்கொண்டு வட்டியும் முதலுமாக நான்தான் அடைத்தேன். கடைசித் தவணை கொடுத்த அன்று, பத்திரத்தின் முதுகில் வரவு எழுதித் தரச் சொன்னேன்.

"எழுதி என்னத்துக்கும்மா? பத்திரத்தையே தேடி எடுத்துக் கொண்டாந்து தந்திருதேன். நீ பைய போ," என்றார்.

போனேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற நான், ஒரு வரி எழுதி வாங்காமல் வந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஒரு காசும் வரவில்லை, வீட்டை ஏலம் போட வேண்டும் என்று அண்ணாச்சி போட்ட வழக்கு. என்னிடம் சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு எந்தத் தெருவில் போய் நிற்பது? அந்த நாட்களில் கிணற்றடிக்குத் தனியாகப் போகவே பயந்தேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

விசாரணையன்று அவருடைய வக்கீல் எழுந்தார். இந்தம்மா சுடலைமாடன் கோயிலில் கற்பூரம் அணைத்து, கடனை அடைத்தேன் என்று சத்தியம் செய்தால் வழக்கை விட்டுவிடுகிறோம் என்றார். அந்தக் காலத்தில் கோர்ட்டே அதை ஏற்றுக்கொள்ளும். கிறிஸ்தவளான வேதக்காரி கோயில் வாசலை மிதிக்கமாட்டாள் என்று தெரிந்தே விரித்த வலை அது.

எங்கள் சபை ஐயரிடம் ஓடினேன். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

"வீடு போனா போகட்டும்மா. கர்த்தர் பாத்துக்கிடுவாரு. அங்கன மட்டும் போயிராத," என்றார்.

"கர்த்தர் பாப்பாரு ஐயா. இன்னைக்குப் பிள்ளையள எங்கன படுக்க வைக்க? அதைச் சொல்லுங்க."

அவர் வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மிஷன் கொடுத்த பங்களாவில் இருக்கிறவருக்கு என்ன வந்தது.

குறித்த நாளில் ஆற்றங்கரைச் சுடலைமாடன் கோயிலுக்குப் போனேன். கோர்ட்டு ஆள் ஒருவர் சாட்சியாக நின்றார். என்னைக் கண்டதும் அண்ணாச்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பீடத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்தது. "வட்டியும் முதலும் இவுக கையில குடுத்து முடிச்சேன்" என்று சொல்லி, உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். தோல் பொசுங்கியது. வழக்குத் தள்ளுபடியாகி, பத்திரம் என் கைக்கு வந்தது.

அடுத்த ஞாயிறே, சபையார் அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணையிலிருந்து என்னை விலக்கினார்கள். வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். சபை முன்னால் முழங்காலிட்டு, செய்தது பாவம் என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்களாம். நான் சொன்னது சத்தியம். அதை எந்த வாயால் பாவம் என்பேன்?

என் மகள் முதல் நற்கருணைக்கு எழுந்து போன அன்று நான் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். மற்றப் பிள்ளைகளோடு அவரவர் அம்மாவும் போனார்கள். வரும் வழியில் அவள் கேட்டாள்:

"ஏம்மா, அந்த வீட்டையே குடுத்திருக்கலாமோ?"

"ஏட்டி, வாய மூடிட்டு நட," என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாத்த ஒரு கதவு இருந்தது.