மனந்திரும்பிய அண்ணையைப் பார்க்க வட்டுக்கோட்டைக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வட்டுக்கோட்டைக்குப் புறப்பட்டேன். சுற்றிப் பார்க்கும் நோக்கம் இல்லை. தங்கை ஷாமினிக்குத் தை மாதம் கலியாணம். அப்பா இல்லாத வீட்டில், மணப்பெண்ணை ஆலயத்துக்குள் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர் அண்ணை. அந்த அண்ணை குடித்துவிட்டு அடித்த அடியில்தான் ஷாமினிக்கு இடக் காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. ஐந்து வருடமாக அவரோடு எங்களுக்குப் பேச்சில்லை.

இப்போது அவர் குடியை விட்டுவிட்டார், மனந்திரும்பி ஆலயமே கதி என்று இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கலியாணத்துக்குக் கூப்பிடச் சொல்லி எல்லாரும் நெருக்கினார்கள். “நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. நான் உன்ரை சொல்லைத்தான் நம்புவன்” என்றாள் ஷாமினி.

காலை ரயிலில் ஏறினால் மதியம் தாண்டி யாழ்ப்பாணம். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வலப்பக்கம் காலை முழுக்க வெயில். நிலையத்திலிருந்து வட்டுக்கோட்டை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர். பஸ்ஸுக்கு நூறு ரூபாய் போதும்; நான் பையோடு இருந்ததால் 1,300 ரூபாய் பேசி ஓட்டோவில் போனேன்.

“ஆரின்ரை வீட்டுக்கு அக்கா?” என்றார் சாரதி.

“இரும்புக் கேற் செய்யிற சீலன். தெரியுமோ?”

“ஓம், தெரியாமல்? தங்கமான மனுசன்.” கொஞ்சத் தூரம் போனபின், “கோவம் வந்தால் மட்டும் கிட்டப் போகக்கூடாது” என்றார். எதை நம்புவது?

அண்ணை வாசலுக்கு ஓடிவந்தார். “பிள்ளை, சாப்பிட்டியோ?” முன்பு ஒருநாளும் என்னிடம் கேட்காத கேள்வி. தேநீருக்கு முன் கண்ணை மூடிச் செபித்தார். செபம் நீண்டு தேநீர் ஆறிவிட்டது. தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டுப் பட்டறையில் பாய் போட்டுப் படுத்தார். அவ்வளவு மெல்லிய குரல் எனக்குப் பயமாகவே இருந்தது. சனிக்கிழமையும் அப்படியே கழிந்தது.

ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்குப் போனோம். மனந்திரும்புதல் ஒரே நாளில் நடக்கலாம், பரிசுத்தமாகுதல் சாகும்வரைக்கும் நடக்கும் என்று போதகரம்மா பிரசங்கம் செய்தார். அண்ணை தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் அடிவாங்கினவர்களும் சாகும்வரைக்கும் காத்திருக்க வேண்டுமா?

ஆராதனை முடிந்ததும் காரைநகர்க் கசூரினா கடற்கரை காட்டுகிறேன் என்று அண்ணை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பொன்னாலையில் ஒரு கடைக்கு முன் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தல் வாங்க இறங்கினோம். வெங்காய மூட்டை இறக்க வந்த சிறிய லொறி ஒன்று பின்னுக்கு வந்து சைக்கிளை இடித்து விழுத்தியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அண்ணை பாய்ந்துபோய் லொறிக்காரரின் சேட்டுக் கொலரைப் பிடித்து இறக்கினார். அவர் அண்ணையைவிட மூத்தவர். ஆலயத்தில் பாட்டுப் பாடிய அதே வாயிலிருந்து இங்கே எழுத முடியாத வார்த்தைகள் வந்தன. அடிக்கக் கையை ஓங்கினார். என்னையறியாமல் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அண்ணை அதைக் கண்டார். ஓங்கிய கை இறங்கியது. லொறிக்காரரின் சேட்டு அதற்குள் கிழிந்திருந்தது.

பொன்னாலைப் பாலம் அழகானது என்பார்கள். இருபக்கமும் கடல், தண்ணீரில் நிற்கும் கொக்குகள். நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. கடற்கரையில் சவுக்கு மர நிழலில் இருந்தபடி கேட்டேன்:

“அப்ப என்னதான் மாறினது அண்ணை?”

“தெரியேல்லை. முந்தி அடிச்சுப்போட்டு நல்லா நித்திரை கொள்ளுவன். இப்ப ஏலாது” என்றார். பிறகு எழும்பி, “வா, அந்த மனுசனிட்டைப் போவம்” என்றார்.

லொறிக்காரர் அதே கடையில் இருந்தார். அண்ணை எல்லாருக்கும் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவர் மசியவில்லை. “உம்மடை மன்னிப்பைக் கோயிலிலை போய்க் கேளும். சனத்துக்கு முன்னாலை என்னை நாறடிச்சிட்டு!”

அண்ணை வெடிக்கப்போகிறார் என்று நான் பின்வாங்கினேன். அவரோ, “ஓம் ஐயா. பிழை என்னிலைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். லொறிக்காரர் திட்டி முடிக்கும்வரை நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஷாமினிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“அப்ப நம்பலாமோ?”

“எனக்கு விளங்கேல்லையடி.”

“வரச்சொல்லு, சனத்தோட சனமா இருக்கட்டும். என்ரை கையை அம்மா பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவா” என்றாள்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: காரைநகர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, திரும்பி வர ஓட்டோவை முதலே பேசி வையுங்கள். கசூரினாவில் கடல் நெடுந்தூரம் ஆழமில்லை, பிள்ளைகளோடு போகலாம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ஆலயத்துக்குப் போவதென்றால் பாதணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கவலைப்பட வேண்டாம், யாராவது சொல்லித் தருவார்கள். ஒருவர் பரிசுத்தமாகிறாரா என்று பார்க்கப் போவதென்றால் இரண்டு நாள் போதாது. எத்தனை நாள் போதும் என்று எனக்குத் தெரியாது.

ஷாமினியின் முடிவை அண்ணையிடம் ரயில் நிலையத்தில்தான் சொன்னேன். முகம் சுருங்கியது. கோபமா, கவலையா என்று பிரித்தறிய முடியவில்லை. ரயில் அசைந்தபோது ஜன்னலோடு நடந்துவந்து சொன்னார்:

“வாறன் எண்டு சொல்லு. ஆனா என்னைப் பிடிச்சு நிப்பாட்டக்கூடிய ஒரு ஆளை எனக்குப் பக்கத்திலை இருத்துங்கோ. என்னை எனக்கே நம்ப ஏலாது.”