பாரிஸிலிருந்து வராத இசை

அரங்கேற்றம் என்றால் பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் சென்னையிலிருந்து வந்து இறங்க வேண்டும் என்பது டென்மார்க்கில் எங்கள் ஆட்களிடையே எழுதப்படாத சட்டம். மகளின் அரங்கேற்றத்துக்கு அழைத்தவர்களுக்கு விசா கிடைக்கவில்லை என்றதும், எங்கள் ஊரான ஒடென்சேயில் எடுத்திருந்த மண்டபத்தையே வேண்டாமென்று சொல்லிவிடப்போவதாகக் கத்தினேன்.

மகள் அசையவில்லை. பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டிய பழைய பாலே நடனம் ஒன்றைப் பற்றி டேனிஷில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். இந்த நாட்டு நடன ஆசிரியர் ஒருவர் அதைப் பாரிஸில் பார்த்து ஆசைப்பட்டாராம். அதன் இசைக்கு எட்டாத விலை சொன்னார்களாம். அவரோ கோபன்ஹேகனில் ஓர் இளைஞரைப் புதிதாக இசையமைக்கச் சொல்லி, ஆட்டத்தையும் தானே புதிதாக அமைத்தாராம்.

"பாரிஸ்காரர் தங்கடை ஆட்டத்தைக் கனகாலம் மறந்திட்டினம் அம்மா. இஞ்சை செய்ததைத்தான் இண்டைக்கும் ஆடுகினம்."

"அது பாலே. இது பரதம். சனம் என்ன கதைக்கும்?" என்றேன்.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை, எங்கள் தேவாலயத்தில் பாடும் பெண்ணும் மிருதங்கம் வாசிக்கும் அவளுடைய தம்பியும் மகள் கூப்பிட்டு வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் இங்கே பிறந்தவர்கள். மகளோடு சேர்ந்து, அரங்கேற்றத்தின் முக்கிய உருப்படியான வர்ணத்துக்குப் புதிதாக மெட்டுப் போட்டார்கள். முதல் நாள் கேட்கச் சகிக்கவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் நானே அதைச் சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அரங்கேற்றம் முடிந்ததும், ஓல்போர்க்கிலிருந்து வந்திருந்த நடன ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"அக்கா, அந்த வர்ணம் சென்னையிலையோ எடுத்தனீங்கள்? என்ரை பிள்ளையளுக்கும் வேணும்."

"ஒடென்சேயிலை செய்தது," என்றேன். "கேளுங்கோ, பாரிஸ்காரர் மாதிரி விலை சொல்லமாட்டம்."