மூன்று தட்டும் ஒரு மூச்சும்

என் மகன் டேப் ரிக்கார்டரில் ராக் பாட்டு போடுவான். பாடுகிறவன் வாயைத் திறந்ததும் நான் எழுந்து போய்விடுவேன். எனக்கு வேண்டியது அதற்கு முந்தியதுதான். பாட்டு இன்னும் வந்திருக்காது, டிரம்காரன் மட்டும் தனியாக நின்று அடித்து வழி திறப்பான். அது பிடிக்கும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் படபடவென்று உருட்டிக்கொண்டு இறங்குவானே, அதுவும் பிடிக்கும். மற்றதெல்லாம் வெறும் கூச்சல். "அப்பாக்கு பாட்டு வேண்டாம், பாட்டுக்கு முன்ன உள்ளது போதும்" என்று மகன் சிரிப்பான். சிரிக்கட்டும். நானும் ஒரு தொடக்கத்தை உண்டாக்கியவன்தான். அதை ஊரே சேர்ந்து என்னிடமிருந்து பிடுங்கியது.

உதியன்குளங்கரைப் பக்கம் எங்கள் வேதக்கோயில் சபைக்கு ஒரு பேண்டு செட்டு இருந்தது. அதில் நான் சைடு டிரம். மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பார். டிரம்காரன் தனக்குப் பின்னால் மூட்டை தூக்கி வருகிறவன் என்று அவருக்கு நினைப்பு. "நீ தாளம் பிடிச்சாப் போதும்லே, வேலை ஒண்ணும் காட்டாண்டாம்" என்பார். அந்தக் கோபத்தில்தான் நான் வேலை காட்டினேன். டிரம்மின் ஓரத்து வளையத்தில் மூன்று தட்டு. பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை, கை அப்படியே நிற்கும். கேட்கிறவன் தவிக்கத் தொடங்கும்போது தோலில் உருட்டு விழும், பெரிய டிரம்மும் கூடச் சேரும். எல்லாச் சாமர்த்தியமும் அந்த மூச்சில்தான் இருந்தது. அறுப்பின் பண்டிகை ஊர்வலத்தில் முதன்முதலாக அடித்தபோது மாஸ்டர் கிளாரினெட்டை வாயில் வைக்க மறந்து திரும்பிப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பிட்ட சோற்றுக்குத் தனி ருசி.

அது எல்லைச் சண்டைக் காலம். தமிழ் பேசுகிற எங்கள் ஊர்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது என்று இன்னொரு கூட்டம். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். சேர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதனால் அந்தக் கூட்டத்தார் தங்கள் ஊர்வலத்துக்கு எங்கள் செட்டைக் கூப்பிட்டபோது நானே முன்னால் நின்றேன். மூன்று தட்டு தட்டிக் கையை நிறுத்தினேன். அந்த மூச்சுக்குள் எவனோ ஒருவன் "எங்க மண்ணு!" என்று கத்தினான். அடுத்த முறை தெருவே கத்தியது. நான் காலியாக விட்ட இடத்தில் கோஷத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கே அடித்தாலும் இதே கதைதான். கல்யாணப் பந்தியில் சோறு பிசைந்துகொண்டிருப்பவன்கூட மூன்று தட்டு கேட்டதும் எச்சில் கையை ஓங்கிக் கத்துவான். ஊர்வலத்துக்குத் தடை வந்தது. பாறசாலைக் கடைவீதியில் எவனோ தகர டின்னில் மூன்று தட்டு தட்டிவிட்டு ஓடிப்போனான். போலீஸ்காரன் என்னைத் தேடி வந்து, "இது நின்றெ கொட்டல்லேடா?" உன் அடிதானே என்று கேட்டு முதுகில் லத்தியை வைத்தான். நம்முடைய ஆட்களிடம் போய், அது கோஷம் இல்லை, டிரம் என்றேன். "பெரிய பவுசுலே உனக்கு! தமிழுக்காக்கும் அடிக்கிய, அத நெனச்சுக்கோ" என்றார்கள். முதுகில் அடித்தவனும் எனக்கு எதிரி, கத்தினவனும் எனக்கு எதிரி. யாராவது ஒரே ஒருவன் அதை வெறும் டிரம்மாகக் கேட்டால் போதும் என்று இருந்தது.

அந்த நேரத்தில் என் தங்கச்சிக்கு நெய்யாற்றின்கரையில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் அப்பா துணிக்கடைக்காரர். சேரக் கூடாது என்ற கூட்டத்தில் முன்வரிசை ஆள். வீட்டிலும் மலையாளம்தான் பேசுவார். நிச்சயத்தன்று என் டிரம்மைப் பார்த்ததும், "ஆ கொட்டு என்றெ முற்றத்து வேண்டா. கொட்டியால் கல்யாணம் இல்லா" என்றார். மாஸ்டர் உடனே சரியென்று தலையை ஆட்டினார். நான் அங்கேயே மூன்று தட்டும் தட்டிவிடக் குச்சியை எடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சியின் முகத்தைப் பார்த்துத்தான் திரும்ப வைத்தேன். அந்த மனிதரை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பே எல்லைக்கோடு விழுந்துவிட்டது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் மலையாளப் பக்கம் கிடந்தோம். கத்தினவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் பிள்ளைகளும் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

வேதக்கோயிலில் கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் துணிக்கடைக்காரர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். அவர் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். "நின்றெ ஆ கொட்டு கொட்டெடோ. இனி எந்தா?" என்றார். கோடுதான் விழுந்தாயிற்றே, இனி என்ன என்கிற அந்த 'இனி எந்தா' நெஞ்சில் குத்தியது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "அடி அண்ணா, எனக்கு ஆசையாக்கும்" என்றாள் தங்கச்சி.

மூன்று தட்டு தட்டிக் கையை நிறுத்தினேன். சுற்றிலும் எங்கள் ஊர்க்காரர்கள். தொண்டை கிழியக் கத்தின அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவன் வேட்டியைச் சரிசெய்தான், இன்னொருவன் பந்தலுக்குள் இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்த்தான். கத்துங்கலே என்று என் வாய்வரை வந்தது. ஒரு மூச்சு போயிற்று, இன்னொரு மூச்சும் போயிற்று. மாஸ்டர் திரும்பி முறைத்த பிறகுதான் உருட்டினேன்.

முடிந்ததும் துணிக்கடைக்காரர் வந்து என் தோளில் கை வைத்தார். "நல்ல கொட்டாணு கேட்டோ. இடைக்கு ஒரு நிறுத்து உண்டல்லோ, அதாணு ரசம்" என்றார். கேலி இல்லை, உள்ளபடியே ரசித்துத்தான் சொன்னார். நான் இத்தனை நாள் தேடின ஒரே ஒருவன் இவர்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வாரைக் கழற்றி டிரம்மை அவர் முற்றத்திலேயே போட்டேன். தங்கச்சி பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, சாப்பிடாமல் உதியன்குளங்கரைக்கு நடந்தேன்.