எங்களைப் பார்த்துக்கொள்ள வந்த செக்யூரிட்டி அக்கா

அந்த ஷூக்களைத்தான் முதலில் பார்த்தேன். பள்ளியிலிருந்து வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் சுவரோரமாகக் கிடந்தன. ஆண்கள் போடுவது போன்ற தடித்த கறுப்பு ஷூக்கள். முனை தேய்ந்து வெளுத்திருந்தாலும் அன்று காலையில்தான் பாலிஷ் போட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அதுவரை ஷூ போட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை. போலீஸ் வந்திருக்கிறது என்று நினைத்துத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டேன். அம்மா வெளியே வந்து, "பயப்படாதீங்க, செக்யூரிட்டி அக்காதான்" என்றாள்.

அம்மா வேலை செய்த தொழிற்சாலையின் கேட்டில் காவலுக்கு இருந்தவர் அவர். ஷிப்டு முடிந்து வெளியே வரும் பெண்களின் பைகளைச் சோதித்து அனுப்புவது அவருடைய வேலை. நல்ல உயரம், அகலமான தோள்கள். சிரித்தால் கூட முகத்தில் பாதிதான் சிரிக்கும். லீவு போட்டுவிட்டு வந்திருந்த அவரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் வேலூருக்குப் போகவிருந்தார்கள். அம்மாவின் வயிற்றில் கட்டி இருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

காசு கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் புதிது. சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்கு அந்த வகையில் யாருமில்லை. அப்பா பொன்னேரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மா ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விளையும் நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். இருவரும் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக் கதவுகளும் மூடிவிட்டன. கட்டி என்று தெரிந்த பிறகு அப்பா இரண்டு பக்கமும் சொல்லி அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. தெருவில் சிலர் சும்மாவே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா வர்றவங்க சும்மாவே போயிடலாம். காசு குடுத்துக் கூப்புட்டா, இது அவங்க வேல" என்று அப்பாவிடம் சொன்னாள். ஏன் இவர் என்று அப்பா கேட்டதற்கு, "டெய்லி என் பைக்குள்ள கை உடறாங்க. ஒரு நாளும் எனுக்கு அசிங்கமா இருந்ததில்ல" என்றாள். அதற்கு மேல் அப்பா எதுவும் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கதை சொல்ல வராது, பாட்டும் வராது. சமையல் அதைவிட மோசம். ரசமும் முட்டையும்தான் தெரியும். இரண்டிலும் மிளகு அதிகம். என் தலைமுடியைப் பின்னிவிட்டால் புருவம் மேலே ஏறிவிடும். பகல் முழுக்கக் கதவுப் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தம்பியோடு விளையாட வரும் பிள்ளைகளைக் கூட, "யாரப் பாக்கணும்?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே விடுவார். முதல் இரண்டு நாட்கள் தம்பி அவர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பள்ளி வாசலில் அவர் அவனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தனக்குத்தான் என்று தெரிந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுத் திருப்பி வைத்தான். அன்று சாயங்காலம் மிளகு ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்கவிருந்த நாள் காலையில்தான் அது நடந்தது. நாங்கள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு வாடை வந்தது. எங்கள் பகுதியில் வாடை புதிதல்ல. இரும்பு உருக்கும் புகை, ரப்பர், சாயம் என்று ஒவ்வொன்றையும் மூக்கு அடையாளம் கண்டுகொள்ளும். இது வேறு. மூக்கில் ஊசி குத்துவது போல இருந்தது. தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான். தெருக்கோடியில், இறால்களைப் பதப்படுத்தி ஐஸ் போட்டு வைக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் சுவரைத் தாண்டி வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. மார்கழி மாதத்துப் பனி என்றே நினைத்தேன். அக்கா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அமோனியா கேஸு. இது வந்தா இன்னா பண்ணணும்னு கம்பெனில ட்ரில் குடுத்துக்கிறாங்க" என்றார், எங்களுக்குச் சொல்வதைப் போல இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல.

அவர் பதறவில்லை என்று எழுதினால் அது பொய். குடத்துத் தண்ணீரில் துண்டுகளை முக்கும்போது பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. எங்கள் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டினார். அம்மாவின் புடவை ஒன்றை எடுத்து, தம்பியைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தன் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவே ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் புகைக்கு முதுகைக் காட்டி, அது போகும் திசையிலேயே நேராக ஓடினார்கள். கம்பத்தில் கட்சிக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று அக்கா ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு விசிலை ஊதினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அந்தப் பக்கம் போவாதீங்க. காத்து அங்கதான் போவுது. சைடுல வாங்க, வயக்காட்டுப் பக்கம் வாங்க" என்று கத்தினார். சிலர் நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று இப்போதும் யோசிக்கிறேன். கேட்டில் நின்று மனிதர்களை நிறுத்திப் பழகிய குரல் அது. கால் தானாக நின்றுவிடும். ஒருவர் திரும்ப, பத்துப் பேர் திரும்பினார்கள். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிக்கொண்டே போனார். அத்தனை நேரமும் என் மணிக்கட்டை அவர் விடவில்லை. தட்டுவதெல்லாம் இன்னொரு கையால்தான்.

வயல் வரப்பில் விழுந்து எழுந்து, அந்தப் பக்கம் இருந்த கவரைப்பேட்டை ரோட்டுக்கு வந்தோம். அங்கே காற்று சுத்தமாக இருந்தது. ஜெனரல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. தம்பியை இறக்கிவிட்ட அக்கா, ஓடி வந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அந்த ஒரிசா பசங்க எங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் ஒரிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். நைட் ஷிப்டு முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம் அது. அந்தக் கதவையும் தட்டியிருந்தார், திறக்கவில்லை. யாரும் இல்லை என்று நினைத்து நகர்ந்துவிட்டார். ஒரு பெரியவர், "அவங்க எப்பவோ போயிருப்பாங்கம்மா" என்றார்.

அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு வயலுக்கு அப்பால் தெரிந்த வெள்ளையைப் பார்த்தார். அவர் முகம் அப்படிக் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார வைத்தார். "அண்ணே, இதுங்க ரெண்டும் எம் பொறுப்புல இருக்கிற புள்ளைங்க. அம்மாவுக்கு இன்னிக்கு வேலூர்ல ஆபரேசன். நான் திரும்பி வர்ற வரிக்கும் இந்த வண்டி இங்கயே இருக்கணும்" என்றார். டிரைவர் வாயைத் திறப்பதற்குள் துண்டை மறுபடி நனைத்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார்.

அவர் போன பிறகு அந்த பஸ்ஸுக்குள் நடந்ததை என்னால் மறக்க முடியாது. "வண்டிய எடுங்க, இங்க வந்துடப் போவுது" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. ஒருவர் எழுந்து வந்து டிரைவரின் தோளைத் தட்டினார். "அந்தம்மா வருமா வராதான்னே தெரியாது. இத்தினி பேரு உசுரக் கையில புடிச்சிக்கினு உக்காந்துக்கிறோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிரைவர் கொஞ்ச வயதானவர், வெற்றிலை போடுகிறவர். எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போறவங்க எறங்கிப் போலாம். புள்ளைங்கள என் வண்டில உட்டுட்டுப் போய்க்கிறாங்க" என்றார். சிலர் இறங்கி நடந்தார்கள். தம்பி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். முதலில் அக்காவின் தலைதான் தெரிந்தது, அவ்வளவு உயரம் அவர். ஒருவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல் இருமிக்கொண்டே பின்னால் வந்தார்கள். கதவை உடைத்துத்தான் அவர்களை எழுப்பியிருக்கிறார். பஸ்ஸிலிருந்து டிரைவரும் இன்னும் நான்கு பேரும் வரப்பில் இறங்கி ஓடினார்கள். அவர்களில் முன்னால் ஓடியவர், வண்டியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்தான். ஏறி வந்த அக்காவின் கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன. எங்கள் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை.

அந்த மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ரோட்டோர டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் போன் அடித்தது. அப்பா. அம்மாவை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள், அதற்குள் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். அக்கா போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பக்கத்தில் இழுத்தார். காற்று போலத்தான் பேச்சு வந்தது. "அம்மா சாப்டியான்னு கேப்பாங்க. சாப்டேன்னு சொல்லணும். பொய் சொல்ல வெக்க மாட்டேன் பாப்பா, மொதல்ல இத்த கடி." என் வாயிலும் தம்பியின் வாயிலும் ஆளுக்கொரு துண்டு பன்னை வைத்தார். நாங்கள் விழுங்கும்வரை காத்திருந்தார். அம்மா அதையேதான் கேட்டாள். "சாப்டோம்மா, பன்னு" என்றேன். "அக்கா நல்லா பாத்துக்கிறாங்களா?" என்றாள். நல்லா பாத்துக்கிறாங்க என்றேன். அம்மா சிரித்தது போனில் கேட்டது.

அம்மா பிழைத்து வந்தாள். வீட்டுக்கு வந்த அன்று, அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்த உடனேயே, அக்கா அவள் முன்னால் நின்று நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எங்களை பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனதையும் சொன்னார். அதை மறைத்திருந்தால் எங்கள் தெருவில் யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"எம் புள்ளைங்கள உட்டுட்டா போனீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா. யாருன்னு தெரியாத ஆளுகிட்ட உட்டுட்டுத்தான் போனேன். தப்புன்னா சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். வயிற்றுத் தையலின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "அந்தப் புள்ளைங்க இப்ப எப்டிக்கிறாங்க?" என்று கேட்டாள். மூன்று பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னார். அம்மா கையை நீட்டினாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் நாற்காலியை விட்டு வேறெங்கும் உட்கார்ந்தது அப்போதுதான். அப்பா பேசியதைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்தபோதும் அவர் மறுக்கவில்லை. "குடுங்க, கண்ணுக்கு மருந்து வாங்கணும்" என்று வாங்கிக்கொண்டார். அந்த நேர்மை எனக்கு வயலில் பார்த்ததற்குக் குறையாத ஆச்சரியமாக இருந்தது.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நானும் என் கணவரும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறோம். சென்ற மாதம் இருவரையும் ஒரே வாரத்தில் விசாகப்பட்டினத்துக்குப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனிகள் இப்போது உண்டு. போனில் புகைப்படம், அனுபவம், நட்சத்திரங்கள் எல்லாம் வரும். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த முகங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எந்த முகத்திலும் நான் தேடியது தெரியவில்லை. மறுநாள் பொன்னேரிக்குப் போனேன். அக்கா அங்கே தங்கை வீட்டு மாடியில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் அன்று போனது போனதுதான். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும்.

வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால், அத்தனை வருடங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்று எங்களை விட்டுப் போகும்போது பயமாக இல்லையா?

"இல்லாம? அந்த டிரைவர் வண்டிய எடுத்துக்கினு பூட்டா உங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு வழி பூரா அதேதான் ஓடிக்கினு இருந்துச்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ரெண்டு பேரையும் நான் திரும்பிப் பாக்கவே இல்ல பாப்பா. பாத்திருந்தா அந்தப் பசங்க செத்திருப்பாங்க" என்றார்.

சிறுவயதில் அவரைப் பயமே இல்லாதவர் என்று நினைத்து வியந்திருந்தேன். எவ்வளவு குறைவாக வியந்திருக்கிறேன் என்று அந்த மாடியில்தான் புரிந்தது.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். "எனுக்கு வயசாயிடுச்சே. ஓட முடியாதே" என்றார். ஓட வேண்டாம், இருந்தால் போதும் என்றேன். மகளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள் என்று விசாரித்தார். நாங்கள் புறப்பட்ட காலையில் அவர் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மகள் கொஞ்சம் தள்ளி நின்று அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் ஏறியதும் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். கூடூர் ஸ்டேஷன் எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியாது. போன் செய்யாமலேயே நன்றாகத் தூங்கிப் போயிருந்தேன்.