ஊற்றியவரும் சொன்னவரும்

எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் முன்னதாகத் தீவனத்தொட்டிதான் வெளியே வரும். அப்பா ராயப்பராஜ் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே கிடைத்த பலகைத் துண்டுகளில் அவர் செய்த தொட்டி அது. பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் அதில் ஒரு வைக்கோல் போட வேண்டும். திருநாளுக்குள் நிறைந்துவிட்டால் பாலன் இயேசுவுக்கு முதுகு குத்தாது என்பது அம்மாவின் கணக்கு.

1957இல் எனக்கு ஏழு வயது. தம்பி சூசைராஜுக்கு நாலு முடிந்திருந்தது.

"இன்னைக்கு நான் அக்காவ அடிக்கவே இல்லம்மா. ஒண்ணு போடவா?"

"மத்தியானம் பூராவும் தூங்குனியே, எப்படிடா அடிப்ப?" என்றேன்.

"தூக்கத்துலயும் அடிக்கலல்ல? அப்ப ரெண்டு!"

அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கிறாளே என்ற தைரியத்தில் நான் கேட்டேன்: "சின்னத்தம்பிக்கு ஒண்ணு போடட்டுமாம்மா? அவனும்தான் யாரையும் அடிக்கல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "அவனுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைக்கோல் கட்டைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அம்மாவின் பெயர் செபாஸ்தியம்மாள். முந்தின வருஷம் இதே டிசம்பரில் அவளுக்கு மூன்றாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அரைமணி நேரம் உயிரோடு இருந்தது. நிறம் மாறத் தொடங்கியதுமே அப்பா பங்குச் சாமியாரை அழைத்துவர ஓடினார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவ வேதக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஞானோபதேச வகுப்பில் படித்தது அம்மாவுக்கு மறக்கவில்லை. ஆனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பிரசவம் பார்க்க வந்த பக்ருன்னிசாவிடம், "நீங்க தலையில தண்ணி ஊத்துங்க, நான் சொல்லுறேன்" என்றாள். அவர் ஊற்றினார். அம்மா படுத்தபடியே, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

சாமியார் வந்தபோது குழந்தையின் மூச்சு அடங்கியிருந்தது. நடந்ததைக் கேட்டார். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது என்றார். கடுமையான மனிதர் இல்லை அவர். திருச்சபையின் சட்டம் அப்படி. குழந்தையைக் கல்லறைச் சுவருக்கு வெளியே கருவேல மரத்தடியில் புதைத்தார்கள். பெயரும் இல்லை. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே, கடவுளின் முகம் தெரியாத ஓரிடத்தில் அது இருக்கும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அம்மா தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். எங்களைக் குளிப்பாட்டும்போதும், அரிசி களையும்போதும், வாசல் தெளிக்கும்போதும் சொன்னாள். ஊற்றுவதும் அவளே, சொல்வதும் அவளே. சில நாள் ஆட்டுக்கல்லைச் சுற்றும் கை சட்டென்று நிற்கும். "புள்ள அழுவுறது கேக்குதா?" என்பாள். எங்களுக்குக் காகம் கத்துவதுதான் கேட்கும்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். வெகுகாலம் கழித்துத்தான் அதை என்னிடம் சொன்னாள். தண்ணீர் ஊற்றிய அந்த நேரத்தில் பக்ருன்னிசாவின் உதடுகள் அசைந்ததை அவள் பார்த்திருந்தாள். அவரும் கூடவே அந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் பிள்ளை கரையேறிவிட்டான். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் ஒரு வருஷம் கேட்காமல் இருந்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் அதிரசமும் முறுக்கும் ஒரு தட்டில் அடுக்கி, துணியால் மூடி, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பேகம்பூருக்கு, பக்ருன்னிசா வீட்டுக்கு நடந்தாள்.

பக்ருன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வா தாயி. ஒரு வருசமா இந்தப் பக்கம் வழி தெரியலையாக்கும்?"

"அதிரசம் கொண்டாந்திருக்கோம். நான் ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்" என்றான் சூசைராஜ்.

"மூணு" என்றேன்.

அவர் சிரித்து அவனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அம்மா உட்காரவில்லை. தட்டையும் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்குத் தண்ணி ஊத்தையில என்னமோ சொன்னீங்களே. என்னம்மா சொன்னீங்க?"

முறம் நின்றது. "இப்ப எதுக்குத் தாயி அது?"

"சொல்லுங்கம்மா."

"நீ ஒங்க வார்த்தையச் சொல்லிக்கிட்டிருந்த. அதுல நான் வாய் வைக்கலாமா? எங்க புள்ளைக பொறந்தா வலது காதுல, தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு சொல்லுவாக. ஆம்பளைகதான் சொல்றது. அன்னைக்கு யாரு இருந்தா? புள்ள வெறுங்காதோட போகுதேன்னு நானே மெதுவாச் சொல்லிட்டேன். தப்புன்னா மன்னிச்சுரு."

அம்மா தட்டை அவர் மடியில் வைத்தாள். எங்களைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். வழக்கமாகப் பாலன் சுரூபத்தைத் தொட்டியில் கிடத்துவது அவள்தான். அந்த வருஷம் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

பேகம்பூரில் கேட்டதை அவள் சாமியாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு முந்தின நாள் பலகாரத் தட்டோடு போய் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். பக்ருன்னிசாவும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார். வேறு பதில் வரும் என்று போனாளா, அதே பதிலுக்காகவே போனாளா என்று எனக்குத் தெரியவில்லை.

1966இல் நாங்கள் போனபோது பக்ருன்னிசா படுக்கையில் இருந்தார். குரல் பாதி போயிருந்தது. அவர் மகன் சனாவுல்லா, "ரெண்டு நாளா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக" என்றார். அம்மா கட்டிலருகே குனிந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

பக்ருன்னிசா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். "ஒங்க வார்த்தையத்தான் சொன்னேன் தாயி" என்றார். "பிதாவுடையவும், சுதனுடையவும்..." கடைசிச் சொல் வரை தடங்கலில்லாமல் வந்தது. யாரிடம் கேட்டுப் பாடம் பண்ணினாரோ.

பத்து வருஷமாக அம்மா கேட்க நினைத்த பதில் அது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்லாதீங்கம்மா. அவன் காதுல சொன்னதச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தலைமுடியை ஒதுக்கி, தன் வலது காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதடுகள் அசைந்தன. கதவருகே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.