பீரோவில் பிறந்த கருணை

மேடைகளில் வாங்கிய பொன்னாடைகளால் பீரோவை மூட முடியாமல் போன அன்றுதான் ஏழைகள் மீது எனக்குக் கருணை பிறந்தது. மலையில் குளிர் அதிகம், ஆகவே புண்ணியமும் அதிகம் என்று, மார்கழியில் ஒரு மூட்டை பொன்னாடையுடன் புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறினேன்.

அங்கே பஸ் நிழற்குடையே வீடாக ஒருவர் இருந்தார். நரைத்த தாடி, தோளில் கோணிப்பை. வந்து நிற்கும் ஒவ்வொரு ஜீப்பின் சூடான பானட்டிலும் கைகளை வைத்துக் காய்வார். மேடையில் எனக்குச் செய்வதுபோலவே அவருக்கு ஒன்றைப் போர்த்தினேன்.

தடவிப் பார்த்தார். "ஜரிகை குத்துது, குளுரு போவலியே சார். நீங்களே போத்திக்கினு பாருங்க" என்று என் தோளில் போட்டார். பிறகு என் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தார். "இது நல்லா கீது."

கழற்றிக் கொடுத்தேன். அடுத்த ஜீப் வந்தபோது, ஸ்வெட்டருக்குள் சுகமாக உட்கார்ந்திருந்த அவர் எழுந்திருக்கவில்லை. பானட்டில் கை வைத்து நின்றவன் நான்.

மூட்டையோடு வீடு திரும்பியதும் மனைவி சொன்னாள்: "ஸ்வெட்டர் போனா போவுது. இதுங்கள ஏங்க திரும்பத் தூக்கினு வந்தீங்க?"